ஜிம் சீட்டில் வரும் கொழுப்புச் சதவீதம்: எது அளவு, எது கணக்கு?

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி நிற்கச் சொல்கிறார்கள். வெறுங்காலோடு நின்று இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் சீட்டு வந்துவிடும். கொழுப்பு 27.4 சதவீதம், தசை இத்தனை கிலோ, பிஎம்ஆர் (ஓய்வில் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல்) 1,412, 'உடல் வயது' 41. முப்பத்திரண்டு வயதுக்காரர் கையில் இதைக் கொடுத்தால் அன்றிரவே அவர் சோற்றை நிறுத்திவிடுவார். அடுத்த வாரம் வேறொரு இடத்தில் வேறொரு இயந்திரம் 23 சதவீதம் என்று காட்டும். அப்போது எதை நம்புவது?

விடையின் பாதியை இப்போதே சொல்லிவிடலாம். அந்தச் சீட்டில் நிஜமாகவே அளக்கப்பட்டவை இரண்டுதான்: உங்கள் எடை, உங்கள் உடலின் மின்தடை. மீதி எல்லாம் வேறு யார் யாருடைய உடல்களையோ அளந்து எழுதிய சமன்பாடுகளிலிருந்து வருகின்றன. அந்தச் சமன்பாடுகள் எங்கே, யாரை வைத்து உருவாயின என்று தெரிந்துகொண்டால் சீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

எடைக்குள் இருப்பவை

உடற்கட்டு பற்றிய ஆய்வுகள் உடலை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன.

1. கொழுப்பு எடை. தோலுக்கு அடியிலும், வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும், கொஞ்சம் தசைக்குள்ளும் இருக்கும் கொழுப்பு முழுவதும் இதில் வரும்.

2. கொழுப்பு நீங்கிய எடை. தண்ணீர், தசை, எலும்பு, ஈரல், மூளை, இதயம் என்று மற்ற எல்லாம் சேர்ந்தது.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கொழுப்பு 20 சதவீதம் என்றால் 12 கிலோ கொழுப்பு, மீதி 48 கிலோ. இந்த 48 கிலோவைத் தசை என்று நினைத்துக்கொள்வதுதான் பரவலான தவறு. அதில் ஏறத்தாழ 73 சதவீதம், அதாவது சுமார் 35 கிலோ, தண்ணீர். இந்த 73 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம் இயந்திரத்தின் கணக்கு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பிஎம்ஐ இந்த இரண்டு பகுதிகளையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அவ்வளவுதான். 1830களில் பெல்ஜியத்தின் கெட்லே என்ற புள்ளியியலாளர் மக்கள்தொகையின் சராசரியைப் படிக்க உருவாக்கிய வகுத்தல் கணக்கு அது. 1972இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். ஆயிரம் பேரை ஒப்பிட அது நல்ல கருவி. தனி ஒருவரின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது.

கடற்படை மருத்துவரின் தொட்டி

எடையை மட்டும் வைத்து உடலைத் தீர்மானிப்பது எவ்வளவு தப்பாகப் போகும் என்பது 1942இலேயே வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரைச் சோதித்தார். உயரம்-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை கொண்டவர்கள், படையில் சேரத் தகுதியில்லாதவர்கள். ஆனால் தண்ணீருக்குள் வைத்து நிறுத்துப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலானோரின் உடல் அடர்த்தி மிக அதிகமாக இருந்தது. அடர்த்தி அதிகம் என்றால் கொழுப்பு குறைவு. அட்டவணை தள்ளிவிட்ட எடை தசையின் எடை.

தண்ணீருக்குள் நிறுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பிற்பாடு வந்த பல முறைகள் இந்த அளவையைத்தான் உரைகல்லாக வைத்துக்கொண்டன.

தராசில் தொங்கும் நாற்காலியில் நீச்சல் உடையோடு ஒருவரை உட்கார வைக்கிறார்கள். இளஞ்சூடான தண்ணீர்த் தொட்டி. அவர் நுரையீரலில் உள்ள காற்றை முடிந்தவரை வெளியே ஊதிவிட்டு, தலை முழுகக் குனிந்து, சில விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தராசு முள் நிலைக்கு வருவதற்குள் பலருக்கு மூச்சு முட்டிவிடும். எனவே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நிலத்தில் 60 கிலோ இருப்பவர் தண்ணீருக்குள் இரண்டு மூன்று கிலோதான் காட்டுவார். இந்த வித்தியாசத்திலிருந்து உடலின் கன அளவு கிடைக்கும். எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி.

அப்புறம்தான் சமன்பாடு வருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் சிரி 1961இல் வெளியிட்டது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்புச் சதவீதம். மினசோட்டாவில் கீஸின் கூடத்தில் இருந்த ஜோசப் புரோஜெக் 1963இல் சற்றே வேறுபட்ட எண்களோடு இன்னொன்றைக் கொடுத்தார். இரண்டின் அடித்தளமும் ஒன்றுதான்: கொழுப்பின் அடர்த்தி சுமார் 0.9, கொழுப்பு நீங்கிய பகுதியின் அடர்த்தி சுமார் 1.1.

கொழுப்பின் அடர்த்தி ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அந்த 1.1தான் சிக்கல். மிகச் சில சடலங்களை ஆய்ந்து கிடைத்த எண் அது. எலும்பு தேய்ந்த முதியவருக்கும், எலும்பு இன்னும் முற்றாத சிறுவனுக்கும், எலும்பு கெட்டிப்பட்ட பளுதூக்கும் வீரருக்கும் அது ஒரே எண்ணாக இருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எவ்வளவு ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கிவிடும். அதைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். நம் 60 கிலோக்காரரின் கன அளவு 56.65 லிட்டர் என்றால் கொழுப்பு 17.4 சதவீதம். தங்கிய காற்றைக் கணிப்பதில் வெறும் 300 மில்லி பிசகி, கன அளவு 56.35 என்று எழுதிவிட்டால் அதே மனிதருக்குக் கொழுப்பு 14.9 சதவீதம் ஆகிவிடும். நல்ல ஆய்வுக்கூடத்திலேயே இதுதான் நிலைமை.

ஜிம் இயந்திரம் போடும் கணக்கு

இயந்திரம் உடலுக்குள் மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்துகிறது. ஒரு மில்லி ஆம்பியரைத் தாண்டாது, உடம்புக்குத் தெரியவும் தெரியாது. உப்புக் கரைந்த தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் பாயும். கொழுப்பில் எளிதில் பாயாது. அதற்குப் பிறகு நடப்பது இது:

1. கைக்கும் காலுக்கும் இடையிலான மின்தடை அளக்கப்படுகிறது.

2. உடலை ஒரு சீரான உருளை என்று வைத்துக்கொண்டு, உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து, உடலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஊகிக்கப்படுகிறது.

3. அந்தத் தண்ணீர் கொழுப்பு நீங்கிய எடையில் 73 சதவீதம் என்று கொண்டு, கொழுப்பு நீங்கிய எடை பெறப்படுகிறது.

4. மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் மீதி கொழுப்பு.

5. இதற்கு நடுவே எங்கோ நீங்கள் பதிந்த வயதும் பாலினமும் சமன்பாட்டுக்குள் நுழைகின்றன.

கொழுப்பை இயந்திரம் எங்கும் தொடவே இல்லை, கவனித்தீர்களா? கடைசியில் கழித்து மிஞ்சுவதுதான் கொழுப்பு. முந்தைய படிகளில் ஏற்பட்ட பிழை எல்லாம் அதன் தலையில்தான் விழும். உருளை என்ற அனுமானமும் பலவீனமானது. மெல்லிய முன்னங்கையும் கணுக்காலும் மின்தடையில் பெரும்பங்கு வகிக்கின்றன. உடல் எடையில் ஏறக்குறைய பாதியைச் சுமக்கும் நடு உடலின் பங்கு மிகச் சிறியது. வீட்டில் வாங்கி வைக்கும், கால் மட்டும் படும் எடைக்கருவியில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். தொப்பையைப் பற்றி அது சொல்வது ஏறக்குறைய முழுக்க ஊகம்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த நிமிடங்களில் இரண்டு முறை ஏறுங்கள். இரண்டாவது முறை வயதைப் பத்து கூட்டிப் பதியுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் உங்கள் கொழுப்பு மாறியிருக்கும். சில கருவிகளில் 'விளையாட்டு வீரர்' என்ற பொத்தானும் உண்டு. அதை அழுத்தினாலே பல சதவீதம் குறையும். டயட் தேவையில்லை!

தண்ணீர் இந்தக் கணக்கை இன்னும் வேடிக்கையாக்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்த கையோடு ஏறினால் எடை ஒரு கிலோ கூடும். வயிற்றில் இருக்கும் தண்ணீர் கைகால்களின் மின்தடையை மாற்றாது. ஆகவே கணக்கு அந்த ஒரு கிலோவைக் கொழுப்பில் சேர்த்துவிடும். வியர்த்து உடல் வறண்டிருக்கும்போது ஏறினால் மின்தடை கூடி, தசை குறைந்துவிட்டதாகச் சீட்டு சொல்லும்.

ஒரு நாளில் எடை எவ்வளவு ஆடும்?

2024 ஆகஸ்ட் 7 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டார். முதல் நாள் காலை எடையில் தேறி, மூன்று சுற்று ஜெயித்து, மறுநாள் காலை கூடிவிட்டது எப்படி என்று பலர் கேட்டார்கள். ஒரே இரவில் கொழுப்பு ஏறிவிட்டதா என்று கூடச் சிலர் எழுதினார்கள்.

கொழுப்பு அப்படி ஏறாது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. ஓர் இரவுச் சாப்பாட்டில் அவ்வளவு மிஞ்ச வழியில்லை. ஏறி இறங்குபவை வேறு. ஒன்று தண்ணீர். இரண்டாவது கிளைக்கோஜன், அதாவது தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்து. நல்ல சாப்பாடு கிடைக்கும் பெரியவரிடம் அது 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ. மல்யுத்த வீரர்கள் எடைப் பரிசோதனைக்கு முன் இவற்றைத்தான் காலி செய்கிறார்கள். பிறகு போட்டியில் நிற்கத் தெம்பு வேண்டுமே என்று சாப்பிட்டுக் குடித்தால், உடல் அதைத் தண்ணீரோடு சேர்த்துத் திரும்ப நிரப்பிக்கொள்கிறது. இரண்டாம் நாள் காலையில் அதே எடைப் பிரிவுக்கு மறுபடி வறள வேண்டும். வியர்வையாக வெளியேறத் தண்ணீர் மிச்சம் இல்லாத நிலையில் கடைசி நூறு கிராம்தான் மிகக் கடினம்.

மற்ற முறைகள், சுருக்கமாக

டெக்ஸா என்பது இரண்டு வேறு ஆற்றல் கொண்ட மெல்லிய எக்ஸ் கதிர்களால் உடலை வருடிப் பார்க்கும் முறை. எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என மூன்றாகப் பிரித்துக் காட்டும். கை, கால், வயிறு என்று தனித்தனியாகவும் சொல்லும். ஜிம் இயந்திரத்தைவிட நம்பகமானது. ஆனாலும் ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணும் இன்னொரு கம்பெனிக் கருவியின் எண்ணும் ஒத்துப்போகாது.

இடுக்கியால் தோல் மடிப்பைப் பிடித்து மில்லிமீட்டரில் அளப்பது பழைய முறை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் டர்னினும் வொமர்ஸ்லியும் 1974இல் 481 பேரை அளந்து, நான்கு இடத்து மடிப்புகளின் கூட்டுத்தொகையிலிருந்து உடல் அடர்த்தியைக் கணிக்கும் சமன்பாட்டைக் கொடுத்தார்கள். அந்த 481 பேரும் தண்ணீருக்குள் நிறுக்கப்பட்டவர்கள் என்பதால், தொட்டியின் 1.1 அனுமானம் இடுக்கிக்குள்ளும் புகுந்துவிட்டது. இன்று விளையாட்டு வீரர்களோடு வேலை பார்க்கும் பலர் சதவீதமாக மாற்றுவதையே விட்டுவிட்டார்கள். ஏழெட்டு இடங்களின் மடிப்புகளைக் கூட்டி, '78 மில்லிமீட்டர், போன மாதம் 84' என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். இருக்கும் முறைகளில் நேர்மையானது இதுதான் என்பது என் எண்ணம். அளந்ததைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை.

ஒரே பிஎம்ஐ, இரண்டு பேராசிரியர்கள்

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே போட்டிருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. டெக்ஸா அளவில் யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2 சதவீதம்.

தெற்காசியர்கள் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடச் சராசரியாகக் கூடுதல் கொழுப்பும் குறைந்த தசையும் கொண்டவர்கள் என்பதை யாஜ்னிக் போன்றோர் பல ஆண்டுகள் தரவோடு காட்டியிருக்கிறார்கள். குறைந்த பிஎம்ஐயிலேயே நம்மிடம் சர்க்கரை நோய் எட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகப் பரிந்துரைத்தது. இந்திய மருத்துவர்களின் 2009 வழிகாட்டுதலில் 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். ஐரோப்பிய, அமெரிக்க உடல்களை வைத்து எழுதிய சமன்பாட்டில் நம் உடலைப் போட்டால் பிழை இரு பக்கமும் சமமாகச் சிதறாது, ஒரே பக்கமாகச் சாயும். கை கால் நீளம், எலும்பு, தசை எல்லாவற்றின் விகிதமும் வேறு. இயந்திரத்துக்குள் எந்த மக்களின் சமன்பாடு இருக்கிறது என்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் வாங்குபவரிடம் சொல்வதில்லை. ஜிம்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கும் தெரியாது.

பிஎம்ஆர்: பாதி இத்தாலியர்கள்

பிஎம்ஆர் என்பது ஒன்றும் செய்யாமல் படுத்திருக்கும்போது உயிரோடு இருக்க மட்டும் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க, இரவு முழுதும் சாப்பிடாத ஒருவரை விழித்த நிலையில் அசையாமல் படுக்க வைத்து, தலையை ஒளிபுகும் கூடாரத்தால் மூடி, அவர் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பார்கள். ஜிம் இயந்திரம் உங்கள் மூச்சை அளக்கவில்லை. எனவே சீட்டில் வரும் பிஎம்ஆரும் சமன்பாடுதான்.

1985இல் ஐ.நா. அமைப்புகள் ஏற்றுக்கொண்ட ஸ்கோஃபீல்டு சமன்பாடு ஏறத்தாழ 7,000 அளவீடுகளில் இருந்து வந்தது. அவற்றில் கிட்டத்தட்ட பாதி இத்தாலியர்களுடையவை. அந்த இத்தாலியர்களில் படை வீரர்களும் உடலுழைப்பாளிகளும் நிறைய. அவர்களுடைய பிஎம்ஆர் எடைக்கு எடை மற்றவர்களைவிட அதிகம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்தியர்களை நேரடியாக அளந்தபோது சமன்பாடு சொன்னதைவிடக் குறைவாகவே வந்தது. 2005இல் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெயா ஹென்றி இத்தாலியத் தரவை நீக்கி, வெப்பமண்டல நாட்டு மக்களின் அளவுகளைக் கூடுதலாகச் சேர்த்து, 10,552 அளவீடுகளோடு புதுச் சமன்பாடுகளை வெளியிட்டார். 60 கிலோ எடையுள்ள 25 வயது இளைஞருக்குப் பழைய கணக்கு 1,597 கிலோகலோரி என்கிறது, ஹென்றியின் கணக்கு 1,505 என்கிறது. இந்த வித்தியாசத்தை அறியாமல் பழைய எண்ணை நம்பிச் சாப்பாட்டுத் திட்டம் போட்டால், 'கணக்குப்படிதான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லையே' என்ற புலம்பல் வருவதில் வியப்பில்லை.

இதை ஒட்டி இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. இரண்டுக்கும் ஆய்வுக்கூடங்களில் விடை இருக்கிறது.

1. 'தசையை ஏற்றினால் சும்மா இருக்கும்போதே கலோரி எரியும்.' எரியும், ஆனால் கொஞ்சம்தான். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளுக்குச் சுமார் 13 கிலோகலோரி செலவிடுகிறது, ஒரு கிலோ கொழுப்பு 4.5. ஈரலுக்கு இது சுமார் 200, மூளைக்கு 200ஐத் தாண்டும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் 400ஐத் தாண்டும். கஷ்டப்பட்டு மூன்று கிலோ தசை ஏற்றினால் கிடைப்பது 40 கிலோகலோரி, அதாவது ஒரு தேக்கரண்டி எண்ணெய். பளு தூக்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு: எலும்பு, சர்க்கரைக் கட்டுப்பாடு, முதுமையில் விழாமல் நடப்பது. இந்தக் காரணம் மட்டும் ஊதிப் பெருக்கப்பட்டது.

2. 'முப்பதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும்.' 2021இல் சயின்ஸ் இதழில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் பொன்ட்சரும் பன்னாட்டுக் குழுவும் 6,421 பேரின் தரவை வெளியிட்டார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதுவரை அதில் இருந்தார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்ற கணக்கில் இறங்கியது.

அந்த ஆய்வின் முறையும் அழகானது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறும். ஓரிரு வாரச் சிறுநீர் மாதிரிகளில் இரண்டும் குறையும் வேக வித்தியாசத்தைப் பார்த்தால், அந்த நாட்களில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு உருவானது, எவ்வளவு ஆற்றல் செலவானது என்று தெரிந்துவிடும். ஆள் எப்போதும்போல வேலைக்குப் போய் வரலாம். மினசோட்டாவின் நேதன் லிஃப்சன் 1950களில் விலங்குகளில் தொடங்கியதை, டேல் ஷோலர் 1982இல் மனிதரிடம் கொண்டுவந்தார்.

சரி, சீட்டில் இருந்த 'உடல் வயது'? கணக்கிட்ட பிஎம்ஆரை ஏதோ ஒரு வயதுச் சராசரியோடு ஒப்பிட்டு எழுதும் விற்பனை எண் அது. 20 முதல் 60 வரை ஒரே கோடாக ஓடும் ஒன்றை வைத்து 32ஐயும் 41ஐயும் எப்படிப் பிரிப்பார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டை வெட்டினால் உடல் செய்வது

1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கின் படிக்கட்டு வரிசைகளுக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கீஸ் 36 இளைஞர்களைச் சேர்த்தார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். போர் முடிந்ததும் பட்டினியில் வாடும் ஐரோப்பியருக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்பது கேள்வி. 24 வாரங்கள், நாளுக்குச் சுமார் 1,570 கிலோகலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வகைகள். வாரம் 35 கிலோமீட்டர் நடை. இன்றைய பல டயட் அட்டவணைகள் இதைவிடக் குறைவாகக் கொடுக்கின்றன என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

எடையில் கால்வாசி போனது. பிஎம்ஆர் ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்தது. இழந்த திசுவால் மட்டும் அந்தச் சரிவு முழுவதையும் விளக்க முடியவில்லை. மீந்த திசுவே சிக்கனமாகிவிட்டது. இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிரிப்பதை மறந்தார்கள். திரும்பச் சாப்பிட ஆரம்பித்தபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கியது. 2016இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால், தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, அவர்களின் ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்ப்பைவிட நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாகவே நீடித்தது. போட்டியில் இழந்த எடையில் பெரும்பகுதி அதற்குள் திரும்பியும் விட்டது.

விளையாட்டில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லௌக்ஸ் கேட்ட கேள்வி எளிமையானது: சாப்பிட்டதில் பயிற்சிக்குப் போக உடலின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? அந்த மிச்சத்தைக் கொழுப்பு நீங்கிய எடையால் வகுத்தார். 2003இல் வெளியான சோதனையில், கிலோவுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே போனபோது ஐந்தே நாளில் மாதவிடாயை இயக்கும் ஹார்மோன் துடிப்பு குலைந்தது. பங்கேற்றவர்கள் விளையாட்டு வீராங்கனைகள் அல்லர், சாதாரண இளம்பெண்கள். அதனால் 30 என்பதை எல்லோருக்கும் பொதுவான கோடாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. திசை மட்டும் தெளிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ ஓட்டக்காரப் பெண், கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ. நாளுக்கு 1,800 கிலோகலோரி சாப்பிடுகிறார், பயிற்சியில் 700 போகிறது. மிச்சம் 1,100. நாற்பதால் வகுத்தால் 27.5. அவர் பட்டினி கிடப்பதாக யாருக்கும் தோன்றாது, அவருக்கே தோன்றாது. மாதவிடாய் நிற்பதும், எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதும், அடிக்கடி சளி பிடிப்பதும் அப்புறம் வரும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதை விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை நோய்க்குறி என்று அறிவித்தது, ஆண்களுக்கும் இது வரும் என்பதைச் சேர்த்தே.

இந்தப் பெண்ணின் பயிற்சியாளர் ஜிம் இயந்திரச் சீட்டைப் பார்த்து, '20 சதவீதம் அதிகம், 16க்கு வா' என்கிறார் என்று வையுங்கள். இயந்திரத்தின் பிழையே மூன்று நான்கு சதவீதம். குறைக்கச் சொன்ன அளவும் அதே நான்கு. இல்லாத கொழுப்பை இறக்கச் சொல்லிச் சோற்றைக் குறைக்கும் நிலை இப்படித்தான் வருகிறது. ஜிம் உறுப்பினர் ஒருவர் ஏமாந்தால் சந்தா போகும். பதினாறு வயது வீராங்கனை ஏமாந்தால் போவது எலும்பு.

அப்படியென்றால் என்ன சாப்பிடுவது?

மாவுச்சத்து பற்றிய அடிப்படை 1966இல் ஸ்டாக்ஹோமில் நிலைநாட்டப்பட்டது. யோனாஸ் பெரிஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மனும் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சோரும்வரை மிதித்தார்கள். மறு கால் ஓய்வில். பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. ஊசியால் தொடைத் தசையைச் சிறு துணுக்காக எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைக்கோஜன் ஓய்ந்த காலைப்போல இரு மடங்குக்கு ஏறியிருந்தது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. மாரத்தான் ஓடுபவர்கள் போட்டிக்கு முந்தைய நாட்களில் சோற்றைக் கூட்டுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அப்போது எடை ஒன்றிரண்டு கிலோ கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதும் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கிலிருந்து விளங்கும்.

மாவுச்சத்தை விலக்கிக் கொழுப்பை மிகுதியாகச் சாப்பிடும் முறையை லூயிஸ் பர்க் குழு ஆஸ்திரேலியாவில் முன்னணி நடைப்போட்டி வீரர்களிடம் சோதித்து 2017இல் வெளியிட்டது. உடல் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொண்டது நிஜம். ஆனால் அதே வேகத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மூன்று வாரப் பயிற்சியின் பலன் போட்டி நேரத்தில் தெரியவில்லை.

புரதத்துக்கு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம். 40 இளைஞர்களுக்கு ஆற்றல் தேவையில் 40 சதவீதம் குறைத்து நான்கு வாரம் சாப்பாடு, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி. ஒரு பாதிக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு 1.2 கிராம் புரதம், மறு பாதிக்கு 2.4. கூடுதல் புரதக் குழு 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ தசைப் பகுதியைக் கூட்டிக்கொண்டது. மற்றக் குழு 3.5 கிலோ இழந்தது, தசை ஏறக்குறைய அப்படியே நின்றது. 2016இல் வந்த இந்த முடிவைக் காட்டி 2.4 கிராமை எல்லோருக்கும் விற்கிறார்கள். எடையை வேகமாகக் குறைத்துக்கொண்டே பயிற்சி எடுப்பவர்களின் எண் அது. சாதாரணமாகப் பளு தூக்குபவர்களை வைத்துச் செய்த 49 ஆய்வுகளை 2018இல் தொகுத்தபோது, சராசரியாக 1.6 கிராமுக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 60 கிலோவுக்கு 96 கிராம். பயிற்சி செய்யாதவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை கிலோவுக்கு 0.83, அதாவது 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் துவரம்பருப்பில் 11 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், நம் இட்லி-சோறு நாளில் ஐம்பதை எட்டவே கொஞ்சம் யோசித்துச் சாப்பிட வேண்டியிருக்கும்.

தசை வலுவுக்காக எடுத்துக்கொள்ளும் கிரியேட்டின் பொடி வேலை செய்கிறது என்பதற்கு 1992 முதல் சான்று குவிந்திருக்கிறது. அது தசைக்குள் தண்ணீரையும் இழுக்கும். முதல் வாரத்தில் ஏறும் ஒரு கிலோவை இயந்திரம் 'தசை' என்று அச்சடிக்கும்.

சீட்டை வைத்து என்ன செய்யலாம்?

1. ஒரே இயந்திரம், காலையில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பின், பயிற்சிக்கு முன். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் அதே கட்டம்.

2. வாராவாரம் பார்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். இரண்டு மூன்று சதவீதத்துக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து கூடவே எழுதி வையுங்கள். பத்து ரூபாய் நாடா வயிற்றுக் கொழுப்பைப் பற்றி அந்த இயந்திரத்தைவிட நேரடியாகச் சொல்லும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எச்சரிக்கை எல்லை.

4. பிஎம்ஆர் எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் வையுங்கள். மூன்று நான்கு வாரம் ஒரே அளவு சாப்பிட்டு எடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

5. பதின்பருவத்து வீரர்களுக்குக் கொழுப்புச் சதவீத இலக்கு வைப்பதைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களின் எலும்பும் உடல்நீரும் இன்னும் மாறிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களுக்கான சமன்பாடு அவர்களுக்குப் பொருந்தாது.

6. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த இயந்திரத்தில் ஏறவே கூடாது. கருவுற்றிருப்பவர்களும் ஏற வேண்டாம். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இது பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.